நந்தியாவட்டைப் புழு பழுப்பா மாறிடுச்சா? சாகல, மண்ணுக்கு எறங்கப் போகுது

தம்பி, உங்க கேள்விய இப்பதான் பாத்தேன், இதுல நேரம் முக்கியம்ங்கிறதால சோறு வடிக்கிறத மருமககிட்ட விட்டுட்டு ஒக்காந்து எழுதுறேன். மார்த்தாண்டம் பக்கம் உங்க வீட்டு முத்தத்துல நிக்கிற நந்தியாவட்டையில உங்க மக ஒரு பச்சைப்புழு கண்டுபிடிச்சா, விரல் தண்டி இருக்கு, தலைப்பக்கம் ரெண்டு நீலக்கண்ணு, ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு அஞ்சு நாளா இலை போட்டு வளத்திருக்கா. நேத்து ராத்திரியில இருந்து இலையத் தொடல, பச்சை மங்கி அழுக்குப் பழுப்பா ஆயிடுச்சு, தண்ணியா கழிஞ்சிருக்கு, டப்பாவ சுத்திச் சுத்தி ஓடுது, பிள்ளை அழுறா, பக்கத்து வீட்டுல விஷப்புழு தூர எறிங்கன்னு சொல்லுதாங்க. இது சாகுதா, இல்ல பட்டாம்பூச்சி ஆகுமா, என்ன செய்யணும்னு கேட்டிருக்கீங்க.

சாகல. முதல்ல பிள்ளைகிட்ட இத சொல்லிடுங்க.

அது தின்னு முடிச்சிடுச்சு, அவ்வளவுதான். இந்தப் புழு கூட்டுப்புழு ஆகப்போற ஒண்ணு ரெண்டு நாளுக்கு முன்னாடி வயித்துல உள்ளத எல்லாம் கழிச்சு வெளிய தள்ளும், அதான் அந்தத் தண்ணி மாதிரி இருந்தது. பச்சை நிறம் எதுக்கு இருந்துச்சு, இலைக்குள்ள ஒளிஞ்சிருக்க. இனிமே அது இலையில இருக்கப் போறதில்ல, செடியில இருந்து கீழ எறங்கி சருகுக்குள்ள போகணும், அதுக்குத் தோதா முதுகெல்லாம் கருத்து, பக்கமெல்லாம் செம்மஞ்சள் கலந்த பழுப்பா மாறும். ஓடுறது எடம் தேடி. உங்க டப்பாவுல எடம் இல்ல, அதான் சுத்திக்கிட்டே இருக்கு. நெறைய பேர் இந்தக் கட்டத்துலதான் பயந்துபோயி புழுவ வெளிய எறிஞ்சிடுறாங்க, இல்லன்னா பசியா இருக்குன்னு நெனச்சு ஈரமான இலையா மேல மேல திணிச்சு புழுங்க வச்சிடுறாங்க. இருபது வருஷமா புழு வளக்குறேன், என்கிட்ட வர்ற கேள்வியில பாதிக்கு மேல இதே கேள்விதான், புழு பழுப்பாயிடுச்சு என்ன செய்யன்னு.

இன்னைக்கு ராத்திரியே இதச் செய்யுங்க. ஒரு செருப்பு டப்பா, இல்ல பழைய பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கோங்க. அடியில ரெண்டு விரக்கடை உயரத்துக்கு லேசா ஈரமான தும்புத்தூள் போடுங்க, நம்ம ஊர்ல தும்பு ஆலை பக்கத்துல சும்மாவே கெடைக்கும், நர்சரியிலயும் இருக்கும், அதுவும் இல்லன்னா கல்லு இல்லாத தோட்டத்து மண்ணு போதும். ஈரம்னா கையில அள்ளிப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. அதுக்கு மேல காஞ்ச சருகு, மாஞ்சருகு பலாச்சருகு எதுவானாலும் சரி, நாலு விரக்கடைக்கு பொலபொலன்னு போடுங்க, அமுக்காதீங்க. புழுவ கையால பிடுங்க வேண்டாம், அது நிக்கிற டப்பாவையே சருகு மேல சாச்சு வச்சா அதுவே எறங்கிப் போயிரும். மேல மெல்லிய துணி போட்டு ரப்பர்பேண்ட் மாட்டி, வெயில் படாத, எறும்பு வராத எடத்துல வச்சிடுங்க. எறும்பு ரொம்ப முக்கியம், கேட்டீங்களா. ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல ஒரு கிண்ணத்தக் கவுத்து அது மேல வாளிய வச்சா எறும்பு தாண்டாது.

அதுக்கப்புறம் நாலு நாளைக்கு யாரும் தொறந்து பாக்கக்கூடாது. இதுதான் பிள்ளைக்கு இருக்கிறதுலயே கஷ்டமான வேலை. உள்ள போயி அது ரெண்டு மூணு சருக மஞ்சளா மெல்லிசான நூலால இழுத்துக் கட்டும், பட்டுப்புழு மாதிரி கெட்டிக் கூடெல்லாம் இல்ல, வலை மாதிரி சும்மா நாலு இழைதான். அதுக்குள்ள ஒடுங்கிச் சுருங்கிக் கெடக்கும். அந்த நேரத்துல கிளறி அந்த நூல அறுத்துட்டா அதுக்கு மறுபடி நூல் விடத் தெம்பு இருக்காது, தோலு சரியா கழறாம அரையும் குறையுமா சிக்கிக்கும்.

நெசமாவே நோவு வந்த புழுன்னா எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நோவு வந்த புழு ஓடாது. தொளதொளன்னு ஆயிடும், கருத்துப்போயி ஒரு கெட்ட வாடை அடிக்கும், வைரஸ் நோவுன்னா தலைகீழா தொங்கி, தொட்டா தோலு கிழிஞ்சு உள்ள இருக்கிறது எல்லாம் தண்ணியா வழியும். உங்க புழு உடம்பு விறைப்பா இருந்து வேகமா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க, அது ஆரோக்கியமான புழு, மக நல்லாதான் வளத்திருக்கா.

இனி அது என்னன்னு சொல்றேன். அது பட்டாம்பூச்சி ஆகாது, அந்துப்பூச்சி ஆகும். ஒலியாண்டர் ஹாக் மாத்னு பேரு, ஹாக் மாத்ங்கிறது அந்துப்பூச்சியில ஒரு குடும்பம், ஒலியாண்டர்னா அரளி, அறிவியல் பேரு டாஃப்னிஸ் நெரி. 1758-ல லின்னேயஸ் பேரு வச்ச பழைய பூச்சி இது. அரளியில வளர்றதால அந்தப் பேரு, ஆனா நம்ம வீடுகள்ல நந்தியாவட்டையிலதான் அதிகமா பாக்கிறேன், நித்தியகல்யாணியிலயும் வரும். பட்டாம்பூச்சி இல்லன்னதும் பிள்ளை சோர்ந்து போயிரக்கூடாது, வெளிய வரும்போது பாருங்க, சிறக விரிச்சா பெரியவங்க உள்ளங்கை அகலம், 9-ல இருந்து 11 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். பாசிப்பச்சையும் கரும்பச்சையும் வெள்ளையும் எளஞ்செவப்பும் கலந்து பட்டாளத்துக்காரங்க உடுப்பு மாதிரி, ஆனா அதவிட ஆயிரம் மடங்கு அழகு. விட்டில்னு சொல்லி வெளக்கமாத்தால அடிக்கிற நம்ம ஆளுங்க இத ஒருதடவை கிட்டத்துல பாத்தா அப்புறம் அடிக்க மாட்டாங்க, எங்க தெருவுலயே நடந்திருக்கு.

அந்த நீலக்கண்ணு கண்ணே இல்ல. நெசக்கண்ணு தலையில கடுகவிடச் சின்னதா பக்கத்துக்கு ஆறு இருக்கும், அதுல மங்கலாத்தான் தெரியும். நீலமா வெள்ளையா கருப்பு விளிம்போட இருக்கிறது வெறும் தோல் கோலம். தொந்தரவு பண்ணினா தலைய உள்ள இழுத்து முன்பக்கத்த உப்பவச்சுக்கும், அப்ப அந்தக் கோலம் விரிஞ்சு ஒரு பாம்போ ஓணானோ மொறைக்கிற மாதிரி ஆயிடும், கொத்த வந்த குருவி ஒரு நிமிஷம் தயங்கும், அந்த ஒரு நிமிஷம் போதும் அதுக்கு. வாலுல இருக்கிற மஞ்சள் கொம்பு கொட்டாது, அது சும்மா சதை.

விஷமான்னு பக்கத்து வீட்டுல கேட்டதுக்குப் பதில்: புழுவத் தொட்டா ஒண்ணும் ஆகாது, மயிரும் இல்ல முள்ளும் இல்ல. ஆனா அது திங்கிற செடி அப்படி இல்ல. அரளியில எல்லாப் பாகத்துலயும் இதயத்தப் பாதிக்கிற விஷம் இருக்கு, நந்தியாவட்டைப் பாலும் கண்ணுல பட்டா எரியும். அதனால இலை பறிச்ச பெறகும் டப்பா கழுவின பெறகும் பிள்ளை கண்டிப்பா சோப்பு போட்டு கை கழுவணும், மிச்ச இலைய ஆட்டுக்குப் போட்டுடக்கூடாது. இத ரொம்ப அழுத்திச் சொல்றேன்.

அவங்க பயப்படுறதுலயும் ஞாயம் இருக்கு, ஏன்னா நம்ம ஊர்ல தொடக்கூடாத புழுவும் உண்டு. முருங்கையில மழைக்காலத்துல கூட்டம் கூட்டமா தண்டுல அப்பிக்கெடக்குற கம்பளிப்பூச்சி தெரியாதவங்க யாரு, அதுவும் ஒரு அந்துப்பூச்சியோட புழுதான், அந்த மயிரு காத்துல பறந்து வந்து பட்டாலே தடிச்சுப் போகும். தென்னை ஓலையிலயும் வாழையிலயும் பச்சையா தட்டையா நத்தை மாதிரி ஊருற ஒண்ணு இருக்கு, உடம்பு முழுக்க முள்ளுக்கொத்து, பட்டுச்சுன்னா தேள் கொட்டின மாதிரி கடுக்கும். பிள்ளைக்கு ஒரே விதி சொல்லிக்கொடுங்க, மயிரோ முள்ளோ இருந்தா கண்ணால மட்டும் பாக்கணும். தெரியாம பட்டுட்டா தேய்க்கக்கூடாது, தேச்சா மயிரு இன்னும் உள்ள போகும், ஒட்டுற டேப்ப அந்த எடத்துல ஒட்டி ஒட்டி எடுத்துட்டு சோப்புத் தண்ணியில கழுவி ஐஸ் வைங்க. கண்ணுல பட்டாலோ மூச்சு முட்டினாலோ வீட்டு வைத்தியம் பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

சரி, நாலு நாள் கழிச்சு என்ன. மெதுவா மேல இருக்கிற சருக எடுத்துப் பாருங்க. கூட்டுப்புழு ஆகியிருக்கும், ஆறேழு சென்டிமீட்டர் நீளம், எளம் பழுப்பு, பக்கவாட்டுல ஒவ்வொரு மூச்சுத்துளையிலயும் ஒரு கறுப்புப்புள்ளி, வயித்துப்பக்கம் நடுவுல ஒரு கறுப்புக்கோடு நீளமா ஓடும். அந்தக் கோடு இருக்கிற எடத்துலதான் அதோட நாக்கு உருவாகுது, தேன் குடிக்கிற குழல். ஒரு பூதக்கண்ணாடி இருந்தா பிள்ளைக்குக் காட்டுங்க, சிறகு எங்க, உணர்கொம்பு எங்க, நாக்கு எங்கன்னு எல்லாம் மேல அச்சு குத்தின மாதிரி தெரியும். புதுசா ஆன கூட்டுப்புழு ரொம்ப மெத்துன்னு இருக்கும், ஒரு நாள் ஆனாத்தான் கெட்டியாகும், அதுக்குள்ள தொட்டுடாதீங்க.

இதுக்கப்புறம் தீனி இல்ல, தண்ணி இல்ல. ரெண்டு நாளைக்கு ஒருதடவை சருகு மேல லேசா தண்ணி தெளிச்சா போதும், ஒரேயடியா நனைச்சா பூஞ்சை பிடிச்சிடும், விட்டுட்டா காஞ்சு போயிரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்துல துணி அரை மணியில காயுது, அங்க உள்ளவங்க தெனம் தெளிக்கணும், உங்க மார்த்தாண்டம் குலசேகரம் பக்கம் ஈரம் அதிகம், உங்களுக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா போதும். நம்ம சூட்டுக்கு ரெண்டு வாரம், சிலது மூணு வாரம் எடுக்கும்.

அந்த நாளுக்குள்ள ஒரு வேலை செஞ்சு வைக்கணும், இத மறந்து நானே ஒரு பூச்சியக் கெடுத்திருக்கேன். வெளிய வந்ததும் அதுக்கு ஏறித் தொங்க சொரசொரப்பான ஒரு எடம் வேணும். பிளாஸ்டிக் வாளியோட வழுவழு செவுத்துல காலு பிடிக்காது. ஒரு ரெண்டு குச்சிய சாச்சு வைங்க, இல்ல உள்பக்கம் ஒரு சாக்குத்துணியத் தொங்கவிடுங்க, அதுக்குக் கீழ ஒரு சாணாவது காலி எடம் இருக்கணும். நான் ஆரம்பத்துல ஹார்லிக்ஸ் பாட்டில்ல வச்சிருந்தேன், ராத்திரி வந்திருக்கு, ஏற முடியாம அடியிலயே கெடந்திருக்கு, காலையில பாத்தா ரெண்டு சிறகும் கசங்கின காகிதம் மாதிரி அப்படியே காஞ்சு போச்சு. சிறகு காஞ்சு போனா அப்புறம் நிமித்த ஒரு வழியும் இல்ல. சீனித்தண்ணி காட்டி நாலு நாள் வச்சிருந்தேன், அது ஒவ்வொரு அந்திக்கும் பறக்கணும்னு உதறும், பறக்க முடியாது, அத நெனச்சா இன்னைக்கும் மனசு கேக்காது.

அதுக்கடுத்த வருஷம் ஐப்பசி மழையில ஒண்ணு வந்தத முழுசா பாத்தேன். பூதப்பாண்டி பக்கம் எங்க வீட்டுல அன்னைக்கு கரண்ட் இல்ல. ரெண்டு நாளா கூட்டுப்புழு கருத்துக்கிட்டே வந்துச்சு, தோலு வழியா சிறகுக்கோலம் மங்கலா தெரிஞ்சுது, அப்படின்னா இன்னைக்கோ நாளைக்கோன்னு அர்த்தம். ராத்திரி பத்து மணி இருக்கும், சருகு கரகரன்னு சத்தம் கேட்டு டார்ச்ச ஒரு செவப்புத் துணியால மூடிப் பிடிச்சுப் பாத்தா தலைப்பக்கம் ஓடு வெடிச்சு நனைஞ்ச குஞ்சு மாதிரி ஒண்ணு வெளிய வந்து நிக்குது. சிறகு என் சுண்டுவிரல் நகத்தவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். விறுவிறுன்னு சாக்குல ஏறி மேல போயி தலைகீழா தொங்குச்சு. அதுக்கப்புறம் நடந்தத எப்படிச் சொல்ல, அந்தச் சின்னச் சிறகுக்குள்ள உடம்புல உள்ள ரத்தத்த அது அழுத்தி அழுத்தி ஏத்துது, கண்ணு முன்னாடியே ஊறப்போட்ட அப்பளம் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு விரிஞ்சுது, கால்மணி அரைமணிக்குள்ள முழு நீளம் வந்துடுச்சு, ஆனா இன்னும் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கு. ஒரு செம்பழுப்புத் தண்ணி சொட்டுச்சு, அது ரத்தம் இல்ல, கூட்டுக்குள்ள இருந்தப்ப சேந்த கழிவு, பிள்ளை பாத்து பயந்துடக்கூடாதுன்னு முன்கூட்டியே சொல்றேன். நாக்கு ரெண்டு பாதியாத்தான் வெளிய வரும், அது சுருட்டிச் சுருட்டி நீட்டி ரெண்டையும் ஒண்ணாச் சேத்து ஒரே குழலா ஆக்கும். அப்புறம் ரெண்டு மணிநேரம் போல அசையல. பெறகு சிறகு லேசா நடுங்க ஆரம்பிச்சுது, ஜுரம் வந்த மாதிரி விடாம நடுங்கும், அது பறக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுச் சதைய சூடு பண்ணிக்கிறது, குளிர்ந்த சதையோட ஹாக் மாத்தால மேல எழும்ப முடியாது. சன்னலத் தொறந்து வச்சேன், மழை விட்டிருந்துச்சு, ஒரு தடவை சுத்திட்டுப் போயிருச்சு.

உங்க பூச்சியையும் அதே மாதிரி வந்த அன்னைக்கோ மறுநாள் அந்திக்கோ விட்டுடுங்க. பகல்ல விட்டா காக்கா கொத்திடும். தெருவிளக்கு அடியில விட்டா லைட்ட சுத்திச் சுத்தியே விடிஞ்சுபோகும், பல்லியும் வவ்வாலும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கும். முத்தத்து லைட்ட அமத்திட்டு அந்த நந்தியாவட்டை பக்கத்துலயே விடுங்க. இதுக்கு வாய் உண்டு, பசிக்கும், மல்லி, அந்திமந்தாரை, பவளமல்லி மாதிரி ராத்திரி மணக்குற பூவுல நிக்காமலே அந்தரத்துல பறந்தபடி தேன் குடிக்கும். பப்பாளி வச்சிருக்கீங்களா? அந்தியில பப்பாளிப் பூவுக்கு ஹாக் மாத்துங்க வந்து மகரந்தம் கடத்துது, உங்க விளையில காய் பிடிக்கிறதுல இதுங்களுக்கும் பங்கு உண்டு. நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில இருக்கிற அட்லஸ் மாத் இருக்கே, மலையாளத்துல நாகசலபம்னு சொல்லுவாங்க, சிறகு நுனியில பாம்புத்தலை மாதிரி இருக்கும், அதுக்குத்தான் திங்க வாயே கெடையாது, புழுவா இருந்தப்ப தின்ன கொழுப்புலயே ஒண்ணு ரெண்டு வாரம் உயிரோட இருந்து முட்டை போட்டுட்டு செத்துப்போகும்.

இனி அடுத்த தடவைக்கு. உங்க மக இனிமே சும்மா இருக்கமாட்டா, எனக்குத் தெரியும், அதனால எப்படித் தேடணும்னும் சொல்லிடுறேன்.

புழுவத் தேடாதீங்க, புழுக்கையத் தேடுங்க. பச்சை இலையில பச்சைப்புழு கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் தெரியாது, ஆனா செடிக்கு அடியில சிமெண்டுத் தரையிலயோ கீழ் இலையிலயோ கறுப்பா மெளகு மாதிரி கெடந்தா மேல ஆள் இருக்குன்னு அர்த்தம். ஒரு புழுக்கைய எடுத்துப் பாருங்க, சும்மா உருண்டை இல்ல, சின்னப் பீப்பா மாதிரி நீளவாக்குல ஆறு பள்ளம் ஓடும், பூ மாதிரி இருக்கும். அது ஈரமா இருந்தா இன்னைக்குப் போட்டது, காஞ்சு உதிர்ந்தா புழு போயிடுச்சு. புழுக்கை எவ்வளவு பெருசோ புழுவும் அதுக்குத் தக்க. அந்த எடத்துக்கு நேர் மேல, நடுநரம்பு மட்டும் மிச்சம் இருக்கிற இலைக்குப் பக்கத்துக் கொம்பப் பாருங்க. ரெண்டு மழை கெடைக்கிற மாவட்டம் நம்ம கன்னியாகுமரி, ஆனி ஆடிச் சாரலுக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் அப்புறம் புதுத்தளிர் விடும்போதுதான் அதிகம் கெடைக்கும்.

முட்டையில இருந்து வளக்கணும்னா இளந்தளிர்ல தேடுங்க, குண்டூசித் தலை அளவுல எளம்பச்சையா ஒண்ணே ஒண்ணு தனியா ஒட்டியிருக்கும். நாலஞ்சு நாள்ல பொரியும். வெளிய வர்ற குஞ்சு மஞ்சள் கலந்த பச்சை, பின்னாடி உடம்பு நீளத்துக்கு ஒரு கறுப்பு மயிரு மாதிரி வால்கொம்பு, அப்ப நீலக்கண்ணு இருக்காது, அது பெறகு சட்டை உரிக்கும்போதுதான் வரும். மொத்தம் அஞ்சு பருவம், நாலு தடவை தோலு மாத்தும், ரெண்டு மூணு வாரத்துல முழு அளவு. கடைசிப் பருவத்துல திங்கிறதப் பாத்தா மலைச்சுப் போவீங்க, மொத்தத் தீனியில பெரும்பங்கு அந்தக் கடைசி ஒரு வாரத்துலதான், அதனால உங்க செடியில எத்தன இலை இருக்குன்னு பாத்துட்டு எத்தன புழுன்னு முடிவு பண்ணுங்க. ஒரு சின்னச் செடிக்கு ரெண்டு போதும்.

எந்தப் புழுவானாலும் எந்தச் செடியில இருந்துச்சோ அந்தச் செடியோட இலைதான். இது ஒண்ண மட்டும் விட்டுடாதீங்க. பிள்ளைங்க முட்டைக்கோஸ், முருங்கையிலை, புல்லு எல்லாம் போட்டு வச்சு ஏன் திங்கலன்னு கேக்குறாங்க, பட்டினி கெடந்து செத்தாலும் சாகுமே தவிர வேற இலையத் திங்காத புழுதான் அதிகம். தரையில ஓடிக்கிட்டு இருந்த புழுவ எடுத்தீங்கன்னா, அது என்ன செடின்னு தெரியாதில்லையா, அது பெரும்பாலும் உங்களுது மாதிரி கூடு தேடுற புழுவாத்தான் இருக்கும், அதுக்கு இலையே வேண்டாம், சருகும் மண்ணும் கொடுத்துப் பாருங்க.

கொம்போட ஒடிச்சு தண்ணி பாட்டில்ல வச்சா இலை ரெண்டு நாள் வாடாது, ஆனா பாட்டில் வாய பஞ்சால அடைக்கணும், இல்லன்னா புழு தண்ணிக்குள்ள எறங்கி செத்துப்போகும். தண்ணி தனியா வைக்க வேண்டாம், இலையிலயே அதுக்கு வேண்டிய தண்ணி இருக்கு. டப்பாவுல வேர்த்து நிக்கக்கூடாது, மூடியில ஊசியால நாலு ஓட்டை போட்டா பத்தாது, துணிதான் நல்லது. புழுக்கைய தெனமும் கொட்டிடணும், நோவு வர்றதே அந்த அழுக்குல இருந்துதான். இலை மாத்தும்போது புழுவப் பிடுங்காதீங்க, கால்ல கொக்கி இருக்கு, இழுத்தா கால் பிஞ்சுடும், பழைய இலையோட வெட்டி புது இலை மேல வச்சா அதுவே மாறிக்கும். ஒரு நாள் முழுக்க அசையாம தலையத் தூக்கிக்கிட்டு இருந்தா தோலு மாத்தப்போகுது, தலைக்குப் பின்னாடி புதுத்தலை வீங்கித் தெரியும், அப்ப தொடவே கூடாது.

மருந்தடிச்ச இலை. இது என் சொந்த அனுபவம். பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தப்ப ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க பன்னிரண்டு புழு வளத்தாங்க, எங்க பள்ளிக்கூடத்து அரளி இலை தீர்ந்துபோச்சு. தோவாளைப் பக்கம் பூவுக்கு அரளி போட்டிருந்த ஒரு தோட்டத்துல கேட்டு ஒரு பை இலை வாங்கிட்டு வந்தேன், கழுவித்தான் போட்டேன். பூவுக்குப் போடுற செடிக்கு மருந்தடிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, நானும் கேக்கல. சாயங்காலம் போட்டது, காலையில பன்னிரண்டும் பச்சையா வாந்தி எடுத்து உடம்ப முறுக்கிக்கிட்டு கெடந்துச்சு. அந்தப் பிள்ளைங்க மொகம் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. அதுல இருந்து எனக்குத் தெரிஞ்ச செடியத் தவிர வேற எங்கயும் இலை பறிக்கிறதில்ல, தளிர் இலைய ஒரு புழுவுக்குக் குடுத்து ஒரு நாள் பாத்துட்டுத்தான் மத்ததுக்குக் குடுக்குறது. கொசுவத்தி, கொசு ஸ்பிரே இருக்கிற ரூம்லயும் வைக்காதீங்க.

இன்னொண்ணு, எல்லாப் புழுவும் பூச்சி ஆகாது, இத பிள்ளைகிட்ட முதல்லயே சொல்லி வைக்கணும். வெளிய கெடைச்ச புழுவுல சிலதுக்குள்ள ஏற்கெனவே குளவியோ ஈயோ முட்டை வச்சிருக்கும். தோலு மேல வெள்ளையா சின்னச் சின்ன முட்டை ஒட்டியிருந்தா ஈ வச்சது. சில நாள் ஒரு பெரிய புழு நின்ன எடத்துலயே நிக்கும், அதோட உடம்புல இருந்து அரிசி மாதிரி வெள்ளைக்கூடு கொத்தா வெளிய வந்து ஒட்டியிருக்கும், அது சின்னக் குளவியோட கூடு. முதல்தடவை பாத்தப்ப எனக்கும் அருவருப்பாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல தென்னைக்குக் கருந்தலைப்புழு வந்தா இதே மாதிரி ஒட்டுண்ணிக் குளவியத்தான் வளத்துக் கொண்டுவந்து தோப்புல விடுறாங்க. அந்தக் குளவி இல்லன்னா நந்தியாவட்டையில ஒரு இலை மிஞ்சாது. அந்தக் குளவி வெளிய வர்றதையும் பிள்ளைய பாக்க விடுங்க, அதுவும் உயிர்தான்.

நந்தியாவட்டை அலுத்துப்போனா சேம்புல பாருங்க, கறுப்பு உடம்புல ரெண்டு பக்கமும் வரிசையா கண்ணு கண்ணா ஒரு ஹாக் மாத் புழு வரும், காசித்தும்பையிலயும் அது இருக்கும். எள்ளுலயும் கத்திரியிலயும் ஒரு தடிப்புழு வரும், வால்கொம்பு நெளிஞ்சிருக்கும், அது பூச்சியானா முதுகுல மண்டையோடு மாதிரி கோலம், பிடிச்சா கீச்சுன்னு கத்தும், தேன்கூட்டுக்குள்ள புகுந்து தேன் திருடும். அதுக்கு மட்டும் சருகு போதாது, ஆழமா மண்ணு வேணும், வாளியில ஒரு சாண் மண்ணாவது போடுங்க. இதே அரளியில நாலு ஜோடி கறுப்பு நீள மயிரு மாதிரி நீட்டிக்கிட்டு கோடுபோட்ட ஒரு புழு கெடைச்சா அது அந்துப்பூச்சி இல்ல, பட்டாம்பூச்சி, காமன் குரோ. அதுக்கு சருகு போடாதீங்க, அது இலைக்கு அடியில தொங்கி வெள்ளி முலாம் பூசின மாதிரி பளபளன்னு கூட்டுப்புழு ஆகும்.

காட்டுக்குள்ள இருந்து மட்டும் எதையும் எடுத்துட்டு வராதீங்க, கீரிப்பாறை பேச்சிப்பாறை பக்கம் போனா போட்டோ எடுத்துட்டு வந்துருங்க, அது சரணாலயம், சட்டப்படியும் தப்பு. வீட்டுச் செடியே ஒரு ஆயுசுக்குப் போதும். கார்வார்ல காட்டிலாகா ஆபீசரா இருந்த பெல்ங்கிறவர் வருஷக்கணக்கா புழுக்கள வீட்டுல வளத்து எது எந்த இலை திங்குது, எப்படிக் கூடு கட்டுதுன்னு எழுதி எழுதி வச்சார், ஸ்காட்ங்கிறவரோட சேந்து 1937-ல அவர் வெளியிட்ட ஹாக் மாத் தொகுதியத்தான் இன்னைக்கும் எடுத்துப் பாக்குறாங்க. உங்க மகளும் ஒரு நோட்டு போடட்டும். என்னைக்கு கெடைச்சுது, எந்தச் செடி, என்னைக்கு பழுப்பாச்சு, என்னைக்கு கூட்டுப்புழு ஆச்சு, என்னைக்கு வந்துச்சு, அன்னைக்கு மழையா வெயிலா. போட்டோவ ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற இணையதளத்துல போட்டா பேரு சரிபாத்துச் சொல்லவும் ஆள் இருக்கு, நம்ம மாவட்டத்துல இருந்து பதிவு கொறச்சல்தான்.

மூணு வாரம் தாண்டியும் வரலன்னா பதறாதீங்க. வால்பக்கத்த ஒரு மெல்லிய தூரிகையால லேசா தொடச் சொல்லுங்க, உயிரோட இருந்தா வாலு வெடுக்குன்னு ஒரு சுத்து சுத்தும். கனமா இருந்தா இன்னும் பொறுங்க. கையில எடுத்தா காத்து மாதிரி லேசா இருந்து அசையவே இல்லன்னா மட்டும்தான் போயிருச்சுன்னு அர்த்தம். இப்ப முதல்ல போயி சருகு அள்ளுங்க, இருட்டினா அது இன்னும் வேகமா ஓடும்.